100க்கு 65 ரூபாய் கொடுத்தாங்களாம்! வாங்க தோழர்களே, மெட்ரோ கணக்கைப் பார்ப்போம்

தோழர்களே,

பூந்தமல்லி பக்கம் போற யாருக்கும் இப்போ விளக்கம் தேவையில்லை. கரையான்சாவடி, குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல்னு வரிசையா தலைக்கு மேல பாதை நிக்குது. தூண் எழும்பியாச்சு. அதுமேல கர்டர் ஏறியாச்சு. தண்டவாளம் போட்டு, மின்கம்பியும் இழுத்தாச்சு. 2025 மார்ச் 20 அன்று பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை ரயில் முதல் முறையா ஓடிப் பார்த்தது. பிறகு அந்தச் சோதனை ஓட்டம் போரூர் வரை நீண்டது. 3 பெட்டி ரயில், ஓட்டுநர் இல்லாமலே ஓடக்கூடியது.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை இந்த வழித்தடம் மொத்தம் 26.1 கிலோமீட்டர். கோடம்பாக்கம் பவர்ஹவுஸ் வரைக்கும் பூமிக்கடியில் வந்து, அங்கிருந்து மேலே ஏறி, வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம், போரூர் வழியா பூந்தமல்லி போகும். தினமும் ஆற்காடு சாலையில் பஸ்ஸுக்குள்ளே நின்னுக்கிட்டே வேர்த்து வடியற மக்களுக்கு, இது எவ்வளவு பெரிய விஷயம்னு நாம சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனா பாருங்க, ரயில் கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு கூட்டம் கிளம்பிடுச்சு. "இது டெல்லி கொடுத்த ரயில். செலவுல 65 சதவீதம் ஒன்றிய அரசோடது. மாநிலம் ரிப்பன் வெட்டப் பார்க்குது." குடும்ப வாட்ஸ்அப் குழுவுல ஆரம்பிச்சு தொலைக்காட்சி விவாதம் வரைக்கும் இதே பல்லவி. நம்ம ஆளுங்க சிலரும் பதில் தெரியாம அமைதியா இருந்துடறாங்க.

அமைதியா இருக்கத் தேவையில்லை. இந்தக் கணக்கு ரகசியம் இல்லை. ஒன்றிய அரசே வெளியிட்ட அறிவிப்பில் இருக்கு. பொறுமையா, ஒவ்வொரு எண்ணா பார்ப்போம்.

🔴 முதல் கேள்வி: கல் நட்டது யாரு? கையெழுத்து போடாதது யாரு?

2020 நவம்பர் 21. ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா சென்னைக்கு வந்து மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். அப்போ இங்கே அ.தி.மு.க. ஆட்சி.

2021 பிப்ரவரி 1. ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் பட்ஜெட் வாசித்தார். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய், ஒன்றிய அரசு தன் பங்கைத் தரும் என்று அறிவித்தார். தமிழ்நாட்டில் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். மேசையைத் தட்டினார்கள். மறுநாள் பத்திரிகையில் தலைப்புச் செய்தி.

அதுக்கப்புறம்?

ஒன்றிய அமைச்சரவை இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்த தேதி 2024 அக்டோபர் 3.

எண்ணிப் பாருங்க தோழர்களே. 3 வருஷம் 8 மாசம். 44 மாசம். அடிக்கல் நாட்டியது அவங்க உள்துறை அமைச்சர். பட்ஜெட்டில் அறிவித்தது அவங்க நிதியமைச்சர். அமைச்சரவையில் உட்கார்ந்து கையெழுத்து போட வேண்டியதும் அவங்கதான். தேர்தல் முடிஞ்சது, கோப்பு தூங்கிடுச்சு.

"எல்லா ஊருக்கும் அப்படித்தானே நேரம் ஆகும்?"னு கேட்பாங்க. சரி, அதையும் பார்ப்போம். அதே நாள், அதே பட்ஜெட் உரை, அதே பட்டியலில் வேற ஊர்களும் இருந்தன.

பெங்களூரு மெட்ரோ 2ஏ, 2பி: அமைச்சரவை ஒப்புதல் 2021 ஏப்ரல் 20. மூணு மாசம்கூட ஆகலை.

கொச்சி இரண்டாம் கட்டம்: 2022 செப்டம்பர். ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல.

நாக்பூர் இரண்டாம் கட்டம்: 2022 டிசம்பர். இரண்டு வருஷத்துக்குள்ள.

சென்னை: 2024 அக்டோபர்.

நாசிக்கும் அதே பட்டியலில் இருந்து நம்மளைப் போலவே தேங்கி நின்னது, உண்மைதான். ஆனா அங்கே தேங்கினது ஒரு காகிதத் திட்டம். இங்கே பூமியைத் தோண்டி, சாலையை அடைச்சு, தூண் எழுப்பிக்கிட்டிருந்த ஒரு திட்டத்தைத் தேங்க விட்டாங்க. இந்த வித்தியாசத்தை மறக்காதீங்க.

🔴 அந்த 44 மாசம் பணம் கட்டினது யாரு?

இதுதான் அவங்க பேசவே விரும்பாத பகுதி.

ஒப்புதல் வராத வரைக்கும் இது "மாநிலத் திட்டம்"னு வகைப்படுத்தப்பட்டிருந்தது. அந்த வகையில் செலவின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட 90 சதவீதம், தமிழ்நாடு அரசின் பொறுப்பு. இதை நாங்க சொல்லலை, 2024 அக்டோபரில் ஒன்றிய அரசே வெளியிட்ட அறிவிப்பு சொல்லுது. ஒன்றிய அரசின் பங்கு 10 சதவீதம். அதுவும் நிலத்தோட விலையையும் இன்னும் சில செலவுகளையும் கழிச்ச பிறகு.

டெல்லியில் கையெழுத்து வரலைங்கறதுக்காக சென்னையில் வேலை நிற்கலை. மாநில பட்ஜெட்டிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தாங்க. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் குளம் தூர்வாரவும் போக வேண்டிய பணத்தையும் சேர்த்துத்தான் தூணா நிக்க வெச்சாங்க. வெளிநாட்டு வங்கிகளிடம் வாங்கின கடன் மாநிலத்தோட கடன் வரம்பில் ஏறுச்சு. ஒரு வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒரு பெரிய கடன்ல இருந்தா, வங்கிக்காரன் அடுத்த கடனுக்கு யோசிப்பான் இல்லையா? மாநிலத்துக்கும் அதே கதைதான். ஆண்டுக்கு இவ்வளவுதான் கடன் வாங்கலாம்னு வரம்பு இருக்கு. அந்த வரம்பை மெட்ரோ சாப்பிட்டா, மத்ததுக்கு மிச்சம் இல்லை.

ஆக, பூந்தமல்லி சாலையில நீங்க பார்க்கற தூண்களோட அஸ்திவாரம் போட்ட காலத்துல, டெல்லியோட ஒப்புதல் அந்த இடத்துல இல்லை. அரியலூர் சிமென்ட் ஆலைத் தொழிலாளி கட்டின வரியும் திருப்பூர் பனியன் கம்பெனி கட்டின வரியும் இருந்தது.

🔴 சரி, அந்த 65 எங்கிருந்து வருது?

இப்போ முக்கியமான கணக்கு. தாள் பேனா எடுத்துக்கோங்க.

மொத்தத் திட்டச் செலவு: 63,246 கோடி.

ஒன்றிய அரசு பங்கு மூலதனமாகவும், சார்நிலைக் கடனாகவும் தருவது: 7,425 கோடி.

வெளிநாட்டு வங்கிகளிடம் வாங்கும் கடன்: 33,593 கோடி.

இந்த இரண்டையும் கூட்டினா 41,018 கோடி. 63,246ல் இது கிட்டத்தட்ட 65 சதவீதம். ஆமா, அவங்க சொல்ற 65 இதுதான்!

இப்போ இதைப் பிரிச்சுப் பாருங்க. 7,425 கோடி என்பது மொத்தச் செலவில் 100க்கு 12 ரூபாய்கூட இல்லை. 11 ரூபாய் 74 காசு. அதுலயும் ஒரு பகுதி கடன்தான்.

மிச்சம் 53 ரூபாய்? அது ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி மாதிரியான இடங்களிலிருந்து வர்ற கடன். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியது யாரு? அதே அறிவிப்பைப் படிங்க: சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் கட்டணும். நிறுவனத்தால கட்ட முடியாமப் போனா? மாநில அரசு கை கொடுக்கணும்.

அதாவது, டிக்கெட் வாங்கற நீங்க கட்டணும். நீங்க கட்டினது பத்தலைன்னா, வரி கட்டற நீங்களே மறுபடியும் கட்டணும்.

பக்கத்து வீட்டுக்காரர் உங்க பையன் படிப்புக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டார்னு வைங்க. அது உதவிதான், நன்றி சொல்லலாம். ஆனா தவணை முழுக்க நீங்க கட்டி முடிச்சதுக்கப்புறம், "உங்க பையனை நான்தான் படிக்க வெச்சேன்"னு அவர் தெரு முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சா என்ன சொல்வீங்க?

நேரடியா மாநில அரசு போடற பணம் மட்டும் 22,228 கோடி. ஒன்றிய அரசு நேரடியா போடற 7,425 கோடியைப் போல மூணு மடங்கு. இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்?

முதல் கட்டத்தையும் நினைச்சுப் பாருங்க. 2009ல் ஒப்புதல் வந்தபோது ஒன்றிய அரசின் பங்கு 20 சதவீதம், மாநிலத்தின் பங்கு அதைவிடக் கொஞ்சம் கூட, மீதி ஜைக்கா கடன். கிட்டத்தட்ட சரிபாதி கூட்டாளிகள். அந்த 20 சதவீதம் இப்போ 12ஐக்கூடத் தொடலை. பங்கு சுருங்கிச்சு, விளம்பரம் பெருத்துச்சு.

🔴 அவங்க சொல்ற பதில்களும் நம்ம பதிலும்

நியாயமா பேசுவோம். எதிர்த்தரப்புல சொல்றதையும் கேட்டுட்டு பதில் சொல்றதுதான் நம்ம வழக்கம்.

"2024 ஒப்புதலால மாநிலத்தோட 33,593 கோடி கடன் சுமை இறங்குச்சே?"

இறங்குச்சு. உண்மை. கடன் ஒன்றிய அரசின் கணக்குக்குப் போனதால, மாநிலத்தின் கடன் வரம்பு விடுபட்டது. அது நல்ல விஷயம். நாங்க மறுக்கலை. எங்க கேள்வி வேற. 2024ல் செய்ய முடிஞ்சதை 2021ல் ஏன் செய்யலை? பெங்களூருக்கு மூணு மாசத்துல முடிஞ்சது நமக்கு 44 மாசம் ஏன்? அந்த 44 மாசம் மாநிலத்தோட கழுத்துல தொங்கின சுமைக்கு யார் பொறுப்பு?

"32,548 கோடி கடன் ஏற்பாடு பண்ணிக் கொடுத்தோம், ஒப்புதல் வரைக்கும் சுமார் 6,100 கோடிதானே எடுத்தீங்க? வேலை செய்யத் தெரியலை!"

இதைக் கேட்டா கட்டட மேஸ்திரிகூடச் சிரிப்பார். வீட்டுக் கடன் வாங்கினவங்களைக் கேளுங்க. வங்கி மொத்தப் பணத்தையும் முதல் நாளே கையில் கொடுக்குமா? அஸ்திவாரம் முடிஞ்சா ஒரு தவணை, தளம் போட்டா ஒரு தவணை. இப்படிப் பல வருஷம் நடக்கற வேலையில, கடனும் வேலையோட வேகத்துக்குத்தான் படிப்படியா எடுக்கப்படும். முதல் சில வருஷம் நிலம், மண் பரிசோதனை, சாலையை மாத்திவிடறது, குடிநீர் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் நகர்த்தறதுன்னு போகும். அந்தச் செலவுல பெரும்பங்கு மாநிலத்தோட பையிலிருந்துதான் போச்சு.

"சென்னைத் திட்டம் ரொம்பப் பெருசு. அதனாலதான் தாமதம்."

பெருசுன்னா சீக்கிரம் முடிவெடுக்கணும். 118.9 கிலோமீட்டருக்கு சாலையை மறிச்சு வெச்சிருக்கும்போது ஒவ்வொரு மாசத் தாமதமும் செலவை ஏத்தும். தடுப்புத் தகரம் நிக்கற ஒவ்வொரு நாளும் அந்த ஓரத்துல இருக்கற பெட்டிக்கடைக்கும் டிபன் கடைக்கும் வியாபாரம் போகும். ஆம்புலன்ஸ் நிக்கும். ஸ்கூல் வேன் நிக்கும். இதெல்லாம் எந்தத் திட்ட அறிக்கையிலயும் செலவுக் கணக்குல வராது. கட்டறது மக்கள்தான்.

🔴 கோவைக்கும் மதுரைக்கும் நடந்தது அதே கதையின் அடுத்த பாகம்

இப்போ ஏன் இந்தப் பழங்கணக்குன்னு கேட்கறீங்களா? 2025 நவம்பர்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க.

கோயம்புத்தூருக்கு 39 கிலோமீட்டர், மதுரைக்கு 32 கிலோமீட்டர் மெட்ரோ. இரண்டு திட்டத்தையும் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பிடுச்சு. சொன்ன முக்கியமான காரணம்: 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேணும், 2011 கணக்கெடுப்புப்படி இந்த இரண்டு ஊருலயும் அவ்வளவு இல்லை.

தோழர்களே, 2011! அப்போவே பதினாலு வருஷம் பழசான தலைக்கணக்கு. 2021ல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 2025லயும் எடுக்காம வெச்சிருந்தது யாரு? அதே ஒன்றிய அரசு. தான் எடுக்காத கணக்கைக் காட்டித் தானே மறுக்குது. பரீட்சையே வைக்காம ஃபெயில் போட்ட வாத்தியாரைப் பார்த்திருக்கீங்களா?

அந்த 2011 கணக்குக்கே வருவோம். ஆக்ரா நகரம் சுமார் 16 லட்சம். பாட்னா சுமார் 17 லட்சம். போபால் சுமார் 18 லட்சம். மூணுமே 20 லட்சத்துக்குக் கீழே. ஆக்ராவில் 2024லயே மெட்ரோ ஓட ஆரம்பிச்சாச்சு. பாட்னாவில் 2025 அக்டோபரில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரம் முன்னாடி, தொடங்கி வைக்கப்பட்டது. போபாலில் பாதை கட்டியாச்சு.

கோவையை எடுத்துக்கோங்க. மாநகராட்சி எல்லையை மட்டும் அளந்தா ஆக்ரா அளவுதான். சுத்தியிருக்கற ஊர்களையும் சேர்த்து, நகரத் தொகுதியா எடுத்தா, அதே 2011 கணக்கெடுப்புலயே 21 லட்சத்துக்கு மேல. காலையில சூலூர்ல இருந்தும் பெரியநாயக்கன்பாளையத்துல இருந்தும் வேலைக்கு வர்றவங்க ரயில்ல ஏறமாட்டாங்களா? எந்த அளவுகோலை எடுத்தா தமிழ்நாட்டுக்கு மறுக்க முடியுமோ, அந்த அளவுகோலைத்தான் எடுத்திருக்காங்க.

பயணிகள் எண்ணிக்கைக் கணிப்பு, சாலையின் அகலம்னு வேற காரணங்களும் சொன்னாங்க. கணிப்பு தப்புன்னா திருத்திக் கொடுன்னு கேட்கலாம். அகலத்துக்குப் பதில் சென்னையிலேயே இருக்கு.

ஆற்காடு சாலையைத் தெரியுமில்ல? ஆழ்வார்திருநகர், வளசரவாக்கம், காரம்பாக்கம், ஆலப்பாக்கம். எவ்வளவு நெருக்கமான சாலை! அந்த இடத்துல நாலாவது வழித்தடமும் ஐந்தாவது வழித்தடமும் சேர்ந்து போகணும். இரண்டு வரிசை தூண் போட இடம் இல்லை. நம்ம பொறியாளர்கள் என்ன செஞ்சாங்க? ஒரே தூண்ல இரண்டு அடுக்கு. கீழே ஒரு ரயில், மேலே ஒரு ரயில். நாலு நிலையங்களோட சுமார் நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த இரட்டை அடுக்குப் பாதை. சாலை குறுகலா இருந்தா திட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, மூளையைச் செலவழிச்சா போதும்னு ஆற்காடு சாலை காட்டுது.

மெட்ரோ வந்தா மக்கள் ஏறுவாங்களான்னு சந்தேகமா? 55 கிலோமீட்டர்கூட இல்லாத சென்னை முதல் கட்டத்துல 2024ஆம் ஆண்டில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை முதல் ரயில் ஓடினப்போ, "காலியா ஓடுது, வெள்ளை யானை"ன்னு கிண்டல் பண்ணவங்க இப்போ அதே ரயில்ல உட்கார இடம் தேடறாங்க.

🔴 டெல்லியை மட்டும் கேட்டா போதுமா?

போதாது. நம்ம கட்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. தெருவுல பேசற நியாயத்தை வீட்டுக்குள்ளயும் பேசுவோம். கோட்டையில் யார் உட்கார்ந்திருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கு. நாம கேட்கலைன்னா, நாளைக்கு இதையே காரணம் காட்டித்தான் அடுத்த ஊருக்கு மறுப்பாங்க.

முதலாவது, உயிர். 2025 ஜூன் 12 இரவு மணப்பாக்கம், ராமாபுரம் பகுதியில் இரண்டாம் கட்ட மேம்பாதைப் பணியில் கர்டர்கள் சரிந்து விழுந்தன. அந்த வழியா இருசக்கர வாகனத்தில் போன ஒருவர் உயிரிழந்தார். வீட்டுக்குப் போக வேண்டிய மனுஷன். எந்த வேகமும் எந்தத் திறப்பு விழாத் தேதியும் ஒரு உயிருக்கு ஈடாகாது. வாகனம் ஓடற சாலைக்கு மேல கர்டர் தூக்கும்போது கீழே போக்குவரத்தை நிறுத்தணும்ங்கறது புத்தகத்துல இருக்கற விதியா மட்டும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு விபத்தின் விசாரணை அறிக்கையும் மக்கள் பார்வைக்கு வரணும். அபராதம் போட்டோம், பணம் கொடுத்தோம்னு முடிச்சுடக் கூடாது. அந்தப் பாதையைக் கட்டறவங்கள்ல பெரும்பாலானவங்க பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளிகள். அவங்க தங்கற கொட்டகையும் அவங்க பெல்ட், ஹெல்மெட்டும் நம்ம பொறுப்பு. வந்தாரை வாழவைக்கும் ஊர்னு மேடையில் சொன்னா போதாது.

இரண்டாவது, பறக்கும் ரயில் பாடம். இந்த ஊர் உயர்மட்டப் பாதையைப் பார்க்கறது இது முதல் தடவை இல்லை. 1995ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் ஓடியாச்சு. 1997ல் மயிலாப்பூர் வந்தது. 2007ல் வேளச்சேரி வந்தது. வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் நடுவுல வெறும் 5 கிலோமீட்டர். ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக வழக்கு, இழுபறி. வேளச்சேரிக்கு ரயில் வந்து 2025ல் 18 வருஷம் ஆச்சு. அந்த 5 கிலோமீட்டர்ல அதுவரைக்கும் ஒரு பயணிகூட ஏறலை. இதில் ரயில்வேக்கும் பங்கு உண்டு, மாநிலத்தை மாறி மாறி ஆண்டவங்களுக்கும் பங்கு உண்டு. நிலம் எடுக்கும்போது வீட்டுக்காரருக்கு நியாயமான விலையை நேரத்துக்குக் கொடுத்திருந்தா நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்திருக்காது.

மூணாவது, ரயிலை விட்டு இறங்கின பிறகு என்ன? பறக்கும் ரயில் நிலையங்களைப் பாருங்க. அரண்மனை மாதிரி கட்டடம், உள்ளே இருட்டு. பல நிலையத்துக்குப் பக்கத்துல பஸ் நிறுத்தம் இல்லை, சாலையைக் கடக்க வழி இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு பொண்ணு தனியா படியேற யோசிக்கற நிலைமை. அதே தப்பு பூந்தமல்லி பாதையில வரக் கூடாது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட்டா 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பர்ல வந்தது. நல்ல ஆரம்பம். ஆனா செயலியால நடைபாதை போட முடியாது. காட்டுப்பாக்கத்துல ரயிலை விட்டு இறங்கினவர் உள்ளே இருக்கற நகருக்குப் போக மினி பஸ் வேணும், விளக்கு வேணும், நடக்க இடம் வேணும். ரயிலோட சேர்ந்து இதுவும் தயாரா இருக்கணும். திறப்பு விழாவுக்கு அப்புறம் டெண்டர் விடற கதை வேண்டாம்.

இதைக் கேட்கறதால நாம பலவீனமாகப் போறதில்லை. நம்ம காசுல கட்டற பாதை, நாம கேட்காம வேற யார் கேட்பாங்க?

🔴 நம்ம கோரிக்கை

ஒன்றிய அரசுக்கு:

👉 கோவை, மதுரை திட்டங்களைத் திரும்ப எடுத்துப் பரிசீலிக்கணும். ஆக்ராவுக்கும் பாட்னாவுக்கும் எந்த அளவுகோலோ, அதே அளவுகோல். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

👉 சென்னை இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புக்கொண்ட பங்கை வருஷா வருஷம் தவறாம விடுவிக்கணும்.

👉 விளம்பரத்தில் 65 சதவீதம்னு போட்டா, பக்கத்துலயே "இதில் 53 சதவீதம் கடன், திருப்பிக் கட்டுவது சென்னை மெட்ரோ நிறுவனம்"னு அதே எழுத்து அளவுல போடணும்.

மாநில அரசுக்கும் மெட்ரோ நிறுவனத்துக்கும்:

👉 எந்த வழித்தடத்தில் எவ்வளவு முடிஞ்சது, எவ்வளவு செலவாச்சு, ஏன் தாமதம்னு மாசாமாசம் தமிழ்ல வெளியிடணும். சதவீதம் மட்டும் போதாது, நிலையம் வாரியா வேணும்.

👉 விபத்து விசாரணை அறிக்கைகளை மறைக்காம வெளியிடணும்.

👉 ஒவ்வொரு நிலையத்துக்கும் நடைபாதை, தெருவிளக்கு, இணைப்புப் பேருந்து இருந்தாத்தான் திறப்பு விழா.

🔴 உங்க வேலை, தோழர்களே

அடுத்த தடவை யாராவது "டெல்லி கொடுத்த ரயில்"னு சொன்னா, கோபப்பட வேண்டாம். கெட்ட வார்த்தையும் வேண்டாம், நம்ம கட்சிக்காரங்களுக்கு அது அழகில்லை. மூணே மூணு எண் சொல்லுங்க.

44 மாசம். அறிவிப்புக்கும் ஒப்புதலுக்கும் நடுவுல போன காலம்.

7,425 கோடி. 63,246 கோடியில் அவங்க நேரடியா போடறது.

2011. கோவைக்கும் மதுரைக்கும் மறுப்பு எழுதப் பயன்படுத்தின கணக்கெடுப்பு ஆண்டு.

இந்த மூணுக்கும் பதில் கேளுங்க. பதில் வந்தா இங்கே கொண்டு வந்து போடுங்க, பேசுவோம். வரலைன்னா அந்த மௌனத்தை ஊர் பார்க்கட்டும்.

பூந்தமல்லி ரயில் மக்களோட ரயில். அதுல முன்னாடி யார் படம் ஒட்டறதுங்கற சண்டை நமக்கு வேண்டாம். வெயில்ல நின்னு கம்பி கட்டின தொழிலாளிக்கும், மூணு நாலு வருஷம் தகரத் தடுப்புக்கு ஓரமா ஒதுங்கி ஒதுங்கிப் போன ஜனங்களுக்கும்தான் அந்தப் பெருமை சேரணும். சென்னைக்குக் கிடைச்சது கோவைக்கும் மதுரைக்கும் கிடைக்கற வரைக்கும் நாம விடப்போறதில்லை.

கோவை, மதுரைத் தோழர்கள் இதை உங்க ஊர்க் குழுக்கள்ல அவசியம் பகிருங்க. சென்னைத் தோழர்கள், உங்க பகுதி நிலையத்துக்கு எதிர்ல நடைபாதை இருக்கா, இல்லையான்னு ஒரு படம் எடுத்து அனுப்புங்க. அடுத்த பதிவுல அதைத்தான் பேசப் போறோம்.

#எங்கள்காசு_எங்கள்பாதை
#கோவைக்கும்_மெட்ரோ
#மதுரைக்கும்_மெட்ரோ